கச்சா எண்ணெய் பாதி விலைக்கு வந்தும் பெட்ரோல் ஏன் நூறு ரூபாய்?

கேள்வி இதுதான்: 2008-இல் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 140 டாலரைத் தாண்டியது, அப்போது டெல்லியில் பெட்ரோல் 50 ரூபாய் சொச்சம். 2024 கடைசியில் கச்சா எண்ணெய் 73 டாலர்தான், ஆனால் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய்க்கு மேல். நடுவில் பணம் எங்கே போகிறது? ஜிஎஸ்டிக்குள் கொண்டுவந்தால் குறையுமா? எத்தனால் கலப்பதால் விலை இறங்க வேண்டாமா?

பெட்ரோல் பங்கில் சில வருடம் கணக்கு எழுதியவன் என்பதால் இந்தக் கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். "எல்லாம் வரிதான்" என்பது பாதி பதில். "எல்லாம் உலகச் சந்தை" என்பதும் பாதி பதில். இரண்டையும் சொல்கிறவர்கள் விட்டுவிடுகிற இன்னொன்று உண்டு: விலையை எப்போது ஏற்றுவது, எப்போது அப்படியே நிறுத்துவது என்கிற முடிவு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் டாலரை ரூபாயாக்குவோம். ஒரு பீப்பாய் 159 லிட்டர். நாம் வாங்கும் எண்ணெய்க்கு 'இந்தியக் கூடை' என்று ஒரு சராசரி விலை உண்டு, ஓமன், துபாய், பிரென்ட் ரகங்களைக் கலந்து கணக்கிடுவது. 2008 ஜூலையில் அந்தக் கூடை சராசரியாக 132 டாலர். அன்று ஒரு டாலர் 43 ரூபாய்க்குள். பெருக்கி 159-ஆல் வகுத்தால் லிட்டர் கச்சா எண்ணெய் ஏறக்குறைய 36 ரூபாய். 2024 டிசம்பரில் கூடை 73 டாலர், ஒரு டாலர் 85 ரூபாய். அதே கணக்குப் போட்டால் லிட்டர் 39 ரூபாய். டாலரில் பார்த்தால் ஏறக்குறைய பாதி விலை, ரூபாயில் பார்த்தால் 2008-ஐ விடக் கொஞ்சம் கூடவே. நாடு தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்வதால், ரூபாய் சரிவது நேராக டேங்க்கில் வந்து விழுகிறது. கையோடு வைத்துக்கொள்ள ஒரு கணக்கு: 85 ரூபாய் டாலரில், கச்சா எண்ணெய் 1 டாலர் ஏறினால் லிட்டருக்கு 53 காசு. எண்ணெய் அசையாமல் டாலர் மட்டும் 1 ரூபாய் ஏறினால் லிட்டருக்கு 46 காசு.

இது எவ்வளவு கொடூரமாக வேலை செய்யும் என்பதைப் பக்கத்தில் இலங்கை 2022-இல் பட்டது. மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200 ரூபாய் என்று இருந்தது, மே மாதத்தில் 360. 2021 டிசம்பரில் 177 ரூபாயாக இருந்த பெட்ரோல், 2022 ஜூன் கடைசியில் 470 ஆனது. அப்புறம் க்யூஆர் கோடு காட்டி வாரத்துக்கு இத்தனை லிட்டர் என்று பங்கீடு. கச்சா எண்ணெய் விலை அந்த ஆண்டு உலகத்துக்கே ஏறியதுதான். வாங்க டாலர் இல்லாமல் போனது அவர்களுக்கு வந்த தனித் துயரம்.

அதோடு, 2008-இன் 50 ரூபாய் உண்மையான விலையும் இல்லை. அன்று விலையை அரசே கட்டிப்பிடித்து வைத்திருந்தது. விற்கிற விலை கட்டுபடியாகாத எண்ணெய் நிறுவனங்களுக்கு ரொக்கத்துக்குப் பதிலாக எண்ணெய்ப் பத்திரங்கள் கொடுத்தார்கள். அந்தப் பத்திரங்களுக்கு வட்டியும் முதலும் பின்னால் பட்ஜெட்டிலிருந்துதான் போயின. அன்று பங்கில் கொடுக்காததைப் பின்னாளில் வரியாகக் கொடுத்தோம்.

சரி, கச்சா எண்ணெய் 39 ரூபாய். அது பெட்ரோலாகிப் பங்குக்கு வரும்போது 55 ரூபாய் ஆகிறது. மணலியில் இருப்பது போன்ற சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரிக்கும் செலவு, கப்பல் வாடகை, காப்பீடு, குழாய்வழியோ டேங்கர் லாரியிலோ கொண்டுசேர்க்கும் செலவு, நிறுவனத்தின் லாபம் எல்லாம் அதில் அடக்கம். ஆனால் அந்த 55 என்பது செலவைக் கூட்டிப் பார்த்து வந்த விலை அல்ல. 2006-இலிருந்து, வெளிநாட்டிலிருந்து பெட்ரோலாகவே இறக்கியிருந்தால் என்ன விலையோ அதற்கு 80 பங்கு, ஏற்றுமதி செய்தால் கிடைக்கும் விலைக்கு 20 பங்கு என்று ஒரு கலவையை வைத்துத்தான் ஆலைவாசல் விலையைக் கணக்கிடுகிறார்கள். உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்ய எண்ணெயைத் தள்ளுபடியில் வாங்கினோமே, அது ஏன் நம் பில்லில் தெரியவில்லை என்று கேட்கிறவர்களுக்கு விடை இங்கே ஒரு பங்கு இருக்கிறது. ஆலை எந்த எண்ணெயை மலிவாக வாங்கியது என்பது இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை.

இனி வரி. 2024 டிசம்பர் சென்னை விலையைப் பிரித்துப் போடுகிறேன், காசுகளை முழுதாக்கி. டீலருக்கு வந்துசேரும் விலை 55. மத்தியக் கலால் வரி 19 ரூபாய் 90 காசு. டீலர் கமிஷன் நாலரை ரூபாய்க்குள். இந்த மூன்றும் சேர்ந்து 79. இதன்மேல் தமிழ்நாட்டின் வாட், அதாவது மாநில விற்பனை வரி: 13 சதவீதமும், அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும். அது 22 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. கூட்டினால் 100 ரூபாய் 80 காசு. ஆக அன்று நீங்கள் கொடுத்த ஒவ்வொரு நூறிலும் 41 ரூபாய் இரண்டு அரசுகளுக்கும் போனது.

இதில் மத்திய வரியின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2014-இல் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குக் கலால் வரி 9 ரூபாய் 48 காசு. அந்த ஆண்டின் பிற்பாதியில் கச்சா எண்ணெய் சரியத் தொடங்கியது, 2016 ஜனவரியில் 28 டாலருக்கு வந்தது. அந்தச் சரிவின்போது 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையில் ஒன்பது முறை வரியை ஏற்றி 21 ரூபாய் 48 காசு ஆக்கினார்கள். 2020 ஏப்ரலில் ஊரடங்கால் உலகமே வண்டியை நிறுத்தியபோது இந்தியக் கூடை 20 டாலருக்கு விழுந்தது. மே மாதம் ஒரே இரவில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரி ஏறியது, பெட்ரோல் மீதான கலால் 32 ரூபாய் 98 காசானது. பங்கில் விலை அசையவில்லை. இறங்கியிருக்க வேண்டிய விலைக்குள் வரியைப் புகுத்தியதால் யார் கண்ணிலும் படவில்லை. 2014-15-இல் பெட்ரோலியத்திலிருந்து மத்திய அரசுக்கு வந்த கலால் 99,000 கோடி ரூபாய். 2020-21-இல் அது 3 லட்சத்து 73 ஆயிரம் கோடி.

பிறகு 2021 நவம்பரில் 5 ரூபாய், 2022 மே மாதம் 8 ரூபாய் என்று குறைத்ததால்தான் 19.90-க்கு வந்தது. 2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் மறுபடி சரிந்ததும் 2 ரூபாய் ஏற்றினார்கள். அப்போதும் பங்கில் விலை மாறவில்லை. கச்சா எண்ணெய் ஏறும்போது நம் தலையில் ஏறுகிறது, இறங்கும்போது இடையில் வரி வந்து உட்கார்ந்துகொள்கிறது. உங்கள் கேள்விக்கு மிக நேரான விடை இதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த 19.90-ஐயும் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் அடிப்படைக் கலால் வெறும் 1 ரூபாய் 40 காசு. மீதி எல்லாம் சிறப்புக் கூடுதல் கலால், சாலை உள்கட்டமைப்பு செஸ், வேளாண் செஸ் என்ற பெயர்களில் வருவது (செஸ் என்றால் ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்று போடும் மேல்வரி). நிதிக்குழு சொல்லும் 41 சதவீதப் பங்கு மாநிலங்களுக்குக் கிடைப்பது அந்த 1 ரூபாய் 40 காசில் மட்டும்தான். மீதிப் பதினெட்டரை ரூபாயில் ஒரு காசும் பகிர வேண்டியதில்லை. தமிழ்நாடு வாட்டைக் குறைக்கட்டுமே என்ற வாதம் வரும்போதெல்லாம் இந்த விவரத்தையும் சேர்த்துப் பேச வேண்டும். அதற்காக மாநிலத்தின் கை சுத்தம் என்று நான் சொல்லவில்லை. பெட்ரோலுக்கு 34 சதவீதம் என்றிருந்த வாட்டை, 2020 மே மாதம், 15 சதவீதமும் லிட்டருக்கு 13 ரூபாய் 2 காசும் என்று இங்கே மாற்றினார்கள். கச்சா எண்ணெய் அதலபாதாளத்தில் கிடந்த நேரம் அது. வெறும் சதவீதமாக இருந்தால் விலையோடு வருமானமும் விழும், நிலையான தொகை வைத்தால் விழாது. 2021 ஆகஸ்டில் 3 ரூபாய் குறையும்படி அதைத் திருத்தினார்கள், அதன்பின் 2024 வரை அதே நிலை.

இந்த வாட் வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் முள்ளோடை எல்லையைத் தாண்டுங்கள். 2024-இல் அங்கே பெட்ரோல் ஐந்தாறு ரூபாய் குறைவு. கடலூர் பக்கத்து வண்டிகள் எல்லை தாண்டிப் போய் நிரப்பிக்கொண்டு வருவது தினப்படி நடப்பது. 2025 தொடக்கத்தில் புதுச்சேரியும் வாட்டைக் கூட்டியதால் இடைவெளி கொஞ்சம் சுருங்கியது.

இப்போது, முதலில் சொன்ன அந்த மூன்றாவது விஷயம். பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை 2010 ஜூனில் நீக்கினார்கள், டீசலுக்கு 2014 அக்டோபரில். 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை 6 மணிக்கு விலை மாறும் முறை வந்தது. சட்டப்படி விலையை நிர்ணயிப்பது எண்ணெய் நிறுவனங்கள். ஆனால் சந்தையில் மிகப் பெரும் பங்கு இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் என்ற மூன்று பொதுத்துறை நிறுவனங்களிடம். 2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து 2022 மார்ச் 22 வரை 137 நாள் விலை ஒரு காசும் நகரவில்லை. அந்த இடைவெளியில்தான் உத்தரப் பிரதேசம் உட்பட ஐந்து மாநிலத் தேர்தல்கள் நடந்தன, ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது, கச்சா எண்ணெய் 100 டாலரைத் தாண்டியது. தேர்தல் முடிந்ததும் 16 நாளில் 14 தடவை ஏற்றினார்கள். சென்னையில் 101 ரூபாய் 40 காசு 110 ரூபாய் 85 காசானது. ஏப்ரல் 6-க்குப் பிறகு மறுபடி நிறுத்தம். 2022 மே மாத வரிக் குறைப்பைத் தவிர்த்தால், அடுத்த மாற்றம் 2024 மார்ச்சில், நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன், 2 ரூபாய் குறைப்பு.

இந்த நிறுத்தத்தில் முதலில் அடிபட்டவை நிறுவனங்கள். 2022 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மூன்றுக்கும் சேர்த்து 21,000 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம். பிறகு கச்சா எண்ணெய் இறங்கியது, பெட்ரோல் பங்கில் விற்கும் விலை இறங்கவில்லை. 2023-24-இல் மூன்றின் லாபமும் சேர்ந்து ஏறக்குறைய 81,000 கோடி. இழந்ததை எடுக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எடுத்து முடித்தது எப்போது என்பதை நுகர்வோருக்குச் சொல்ல எந்த ஏற்பாடும் இல்லை. தினமும் மாறும் விலை என்ற பெயரில் இரண்டு வருடம் மாறாத விலையை வைத்திருப்பது நேர்மையான முறை இல்லை. ஏறும்போது ஏறட்டும், இறங்கும்போது அதே நாளில் இறங்கட்டும். அது ஒன்றுதான் வாங்குகிறவனுக்குச் செய்யும் நியாயம்.

நடுவில் மாட்டிக்கொள்ளும் இன்னொருவர் பங்க் டீலர். 2021 நவம்பர் 3, தீபாவளிக்கு முந்தின நாள். விடுமுறையில் கூட்டம் வரும் என்று டீலர்கள் டேங்க்கை நிரப்பி வைப்பது வழக்கம். பணம் கட்டித்தான் லோடு வரும், அந்தப் பணத்தில் வரியும் அடக்கம். அன்று மாலை அறிவிப்பு: நள்ளிரவு முதல் டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 5 ரூபாய் வரிக் குறைப்பு. இரவு பத்தரைக்கு டிப் ராடை டேங்க்கில் இறக்கி அளவு பார்த்துக் குறித்துக்கொள்கிறோம். 15,000 லிட்டர் டீசல் நிற்கிறது. பழைய வரி கட்டி வாங்கிய சரக்கு, காலையில் புது விலைக்கு விற்க வேண்டும். ஒன்றரை லட்சம் ரூபாய் அந்த ஒரு குறிப்பிலேயே போயிற்று. அதை ஈடுகட்ட யாரும் வரவில்லை. கமிஷனோ 2017-க்குப் பிறகு 2024 அக்டோபர் வரை ஏழு வருடம் திருத்தப்படவில்லை. அந்த மூன்று, நான்கு ரூபாயிலிருந்துதான் பையன்கள் சம்பளம், மின்சாரம், ஆவியாகிப் போகும் சரக்கு எல்லாம். டீலர்தான் கொள்ளையடிக்கிறார் என்று வண்டியை நிறுத்திச் சண்டை போடுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவு வரியையும் கட்டுவது யார் என்று பார்த்தால் மனசு கனக்கிறது. பெட்ரோல் என்றால் கார்க்காரர் எரிபொருள் என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. மத்திய பெட்ரோலிய அமைச்சகத்தின் ஆய்வுப் பிரிவுக்காக எடுத்து 2014-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், விற்கும் பெட்ரோலில் 61 சதவீதத்தைக் குடிப்பது இரு சக்கர வண்டி, காருக்கு 34 சதவீதம். தினமும் 40 கிலோமீட்டர் பைக்கில் வேலைக்குப் போய்வருகிற ஒருவர், லிட்டருக்கு 45 மைலேஜ் என்றால், மாதம் 26 நாளைக்கு 23 லிட்டர் போடுகிறார். 2,300 ரூபாய். அதில் 950 ரூபாய் வரி. சம்பளம் 15,000 வாங்குகிற ஒருவர், வருமான வரி ஒரு காசு கட்ட வேண்டாத ஒருவர், மாதம் 950 ரூபாய் வரி கட்டிக்கொண்டிருக்கிறார். விலை ஏறினால் அவர் வண்டியைக் குறைக்கவும் முடியாது, ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்குப் பஸ் இருந்தால்தானே குறைப்பது? விலை ஏறினாலும் பெட்ரோல் விற்பனை, ஊரடங்கு ஆண்டு தவிர, ஆண்டுக்கு ஆண்டு கூடி 2024-25-இல் 4 கோடி டன்னைத் தொட்டதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த வரியில் ஒரு பகுதி நகரப் பேருந்துகளுக்குப் போனால், குறிப்பாக இரவு ஒன்பது மணிக்கு மேல் ஓடும் பேருந்துகளுக்குப் போனால், லிட்டருக்கு இரண்டு ரூபாய் குறைப்பதை விட அவருக்குப் பெரிய உதவி.

டீசலின் கதை வேறு. ஆண்டுக்கு 9 கோடி டன்னுக்கு மேல், பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கும் கூட. லாரி, பஸ், டிராக்டர், மீன்பிடி விசைப்படகு என்று பிழைப்போடு கட்டிய எரிபொருள். டீசல் ஏறியதால் காய்கறி ஏறியது என்று கடையில் சொல்வதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். ஒட்டன்சத்திரத்திலிருந்து கோயம்பேட்டுக்குப் பத்து டன் ஏற்றிவரும் லாரி, போக வர 900 கிலோமீட்டர், லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் என்றால் 180 லிட்டர். டீசல் 5 ரூபாய் ஏறினால் கூடுதல் செலவு 900 ரூபாய், கிலோவுக்கு 9 காசு. தக்காளி கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால் காரணம் மழை, வரத்து, இருப்பு. அதே 900 ரூபாய் நாமக்கல் பக்கம் ஒற்றை லாரியை வைத்துக் கடன் கட்டுகிறவருக்கு ஒரு நடையின் மிச்சமே அதுவாக இருக்கலாம். பேசிய வாடகையை நடுவில் ஏற்ற முடியாது.

ஜிஎஸ்டி பற்றிக் கேட்டீர்கள். கமிஷனோடு சேர்ந்து 59 ரூபாய்ச் சரக்குக்கு இப்போதைய உச்ச விகிதமான 40 சதவீதம் போட்டாலும் 83 ரூபாய்தான். அதனால்தான் அது நடக்காது. ஜிஎஸ்டி இரண்டு அரசுக்கும் பாதிப் பாதி. தமிழ்நாட்டுக்கு லிட்டருக்கு 12 ரூபாய் வரும், 2024 கணக்கில் எடுத்தது 22. அதோடு, அவசரத்துக்கு வரியை ஏற்றிக்கொள்ளும் உரிமையும் கையைவிட்டுப் போகும். 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜிஎஸ்டி மன்றத்தில் பேச்சு வந்தது, இது அதற்கான நேரம் இல்லை என்று தள்ளிவைத்தார்கள். எதிர்த்ததில் பல கட்சிகள் ஆண்ட மாநிலங்களும் உண்டு.

கடைசியாக எத்தனால். ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலக்கிறார்களே, விலை இறங்க வேண்டாமா என்றால், எத்தனால் மலிவான சரக்கு இல்லை. 2024-25-இல் மக்காச்சோள எத்தனாலுக்கு அரசு வைத்த விலை லிட்டருக்கு 71 ரூபாய் 86 காசு, கரும்புச் சாற்றிலிருந்து எடுப்பதற்கு 65 ரூபாய் 61 காசு. பெட்ரோலோ வரிக்கு முன் 55. கலப்பதால் டாலர் மிச்சம், கரும்பு ஆலைகள் விவசாயிகளுக்கு வைத்த பாக்கி தீர்கிறது, சோளம் போட்டவருக்கு விலை கிடைக்கிறது. இவை உண்மையான பலன்கள்தான். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையே, 20 சதவீதக் கலப்பில் பழைய வகை இரு சக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவீதமும், கார்களுக்கு 6 முதல் 7 சதவீதமும் மைலேஜ் குறையலாம் என்று சொல்கிறது. பைக்கில் போகிறவருக்கு இது லிட்டருக்கு 3, 4 ரூபாய் ஏறியதற்குச் சமம், விலைப் பலகையில் மட்டும் தெரியாது. இந்த இழப்பை ஈடுகட்டக் கலப்புப் பெட்ரோலைச் சாதாரணப் பெட்ரோலை விடக் குறைந்த விலைக்கு விற்க வேண்டும் என்று அதே அறிக்கை பரிந்துரைத்தது. கலப்பு 20 சதவீதத்தை எட்டிய 2025 வரை அந்தப் பரிந்துரை நடைமுறைக்கு வரவில்லை.